செக்ரோலில் பேர் இல்லாதவருக்கும் வருத்தம் வரும்

2022 மே 22ஆம் திகதி தமிழ்நாட்டு மக்கள் அனுப்பிய முதல் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. 9,000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, 24 தொன் மருந்து. அந்த உதவியை மலையக மக்கள் மறக்க மாட்டோம். ஆனால் கப்பல் வந்து சேர்வது பாதி வேலைதான். துறைமுகத்திலிருந்து லயக் காம்பரா வரை பொருள் வந்து சேர வேண்டும்.

அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள், தோழர்களே. மார்ச் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே மருந்தில்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. பெரியாஸ்பத்திரிக்கே அந்தக் கதி என்றால் தோட்டத்து டிஸ்பென்சரியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? கிளினிக்குக்குப் போனால் "வெளியில வாங்குங்க" என்று துண்டு கொடுத்தார்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தில் பஸ்ஸுக்குக் கொடுப்பதா, பிரஷர் குளிசைக்குக் கொடுப்பதா? ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள். பிள்ளைப்பேற்று வலி வந்தவரை டவுனுக்குக் கொண்டுபோக ஆட்டோ தேடி அலைந்தோம்.

நிவாரணம் என்றதும் முதலில் கேட்பது பட்டியலைத்தான். தோட்டத்தில் பட்டியல் என்றால் கை நேரே செக்ரோலுக்குப் போகிறது. செக்ரோல் வேலைநாளைக் கணக்கிடும் புத்தகம், வருத்தத்தைக் கணக்கிடும் புத்தகமல்ல. வேலையிலிருந்து நின்றுவிட்ட அம்மாயிக்குச் சீனி வருத்தம். அவர் பேர் அதில் இல்லை. வெளிநாட்டுக்குப் போன தாய் விட்டுச் சென்ற குழந்தையின் பேரும் இல்லை. இன்சுலினும் பால்மாவும் முதலில் தேவைப்படுவது இவர்களுக்குத்தானே? ஒரே காம்பராவில் மூன்று குடும்பம் இருந்தால் அதை ஒன்றாக எண்ணுவதும் இதே கணக்குத்தான்.

பட்டியலில் விடுபடுவது நமக்குப் புதிதா? 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வெளியே தள்ளிய மக்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

தேவை அதிகமுள்ளவருக்கு முதலில், இனமோ மதமோ கட்சியோ பார்ப்பதில்லை என்பது செஞ்சிலுவை இயக்கத்தின் விதி. சங்கம் பார்ப்பதில்லை என்பதையும் நாம் சேர்த்துக்கொள்வோம். மற்றச் சங்கத்துக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வராதா? நம் தலைவர்மார் சிலருக்கு இது கசக்கும். கசக்கட்டும்.

ஆகவே நெருக்கடி வருமுன்பே ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர் கமிட்டி லயம் லயமாகப் போய்ப் பேர் எழுத வேண்டும். கர்ப்பிணி யார், கைக்குழந்தை எங்கே, படுத்த படுக்கையாக இருப்பவர் யார், எவருக்கு மாதாமாதம் கிளினிக் மருந்து வேண்டும் என்று எழுதுங்கள். குடும்பங்களின் பட்டியலைப் பிள்ளைக் காம்பராச் சுவரில் எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். விடுபட்டவர் வந்து கேட்கட்டும். நோய் விபரத்தை மட்டும் ஒட்ட வேண்டாம், அது குடும்பநல உத்தியோகத்தரின் கைக்கு மட்டும் போக வேண்டும். கிராம உத்தியோகத்தருக்குக் கொடுக்கும் பிரதியில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

டிஸ்பென்சரி விடயம் வேறு. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்பது 1990களில் தொடங்கி இன்னும் முடியவில்லை. டிஸ்பென்சரி கம்பனி கையில் இருக்கும்வரை சுகாதார அமைச்சின் களஞ்சியத்துக்கு வரும் மருந்து நம்மிடம் வருமென்பதற்கு நிச்சயமில்லை. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இந்தக் கோரிக்கையும் இருக்க வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பட்டியலை முதல் விடயமாக எடுக்கும்படி தலைவர், தலைவிமார் எல்லோரையும் கேட்கிறோம். கொப்பிக்கான காசைச் சங்கம் தரும்.