குழந்தைகளுக்கு இது போதுமாம்!

"குழந்தைகள் பாடுவதுதானே, இது போதும்" என்று சொல்லுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஹங்கேரியின் இரண்டு பெரிய இசை மேதைகளுக்கும் அந்தப் பேச்சு ஆகவில்லை என்பதில் எனக்குப் பரம திருப்தி.

பேலா பார்டோக்கும் ஜோல்டான் கோடாயும் 1905-ஐ ஒட்டிப் போனோகிராப் பெட்டியோடு கிராமம் கிராமமாக அலையத் தொடங்கினார்கள். நகரத்துக் காப்பி ஹோட்டல்களில் ஜிப்ஸி வாத்தியக் கோஷ்டிகள் வாசித்ததுதான் ஹங்கேரிய நாட்டுப்பாடல் என்று அதுவரை உலகம் நம்பியிருந்தது. குடியானவர் வீடுகளில் கேட்டதோ வேறு: ஐந்து சுரங்களுக்குள் அடங்கிய பழைய மெட்டுகள்.

கோடாய் அவற்றைப் பொருட்காட்சியில் வைத்துப் பூட்டவில்லை. 1925 முதல் குழந்தைகள் சேர்ந்து பாடுவதற்கென்றே எழுதினார். பள்ளிக்கூடங்களில் புகுந்துவிட்ட மட்டமான பாட்டுகளை 1929-ல் ஒரு கட்டுரையில் வெளுத்து வாங்கினார். பெரிய வித்வானுக்கு இது என்ன வேலை என்று கேட்பவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். கதை எழுதுகிறவனுக்கு அவர்களை நன்றாகத் தெரியும்.

பார்டோக் 1935 வாக்கில் 27 பாட்டுகள் எழுதினார். எட்டுத் தொகுதிகள், ஆறு குழந்தைகளுக்கு, இரண்டு பெண்களுக்கு. சொற்கள் நாட்டுப்புறத்தவை, மெட்டு அவருடையது. ரொட்டி சுடுவது, சோம்பேறியைக் கேலி செய்வது, 'போகாதே' என்று கெஞ்சுவது, இவைதாம் விஷயம்.

இங்கேதான் சுத்தவாதிகள் கிளம்புகிறார்கள். கிராமத்தான் ஒற்றை மெட்டாகப் பாடியதை இரண்டு மூன்று குரலாக்கினால் கலப்படமாம்! கேட்டுப் பார்த்தா பேசுகிறார்கள்? தாங்கிப் பிடிக்க ஆண்களின் கனத்த குரல் கிடையாது, பியானோவும் கிடையாது. ஒரு குரல் ஒரு வரியை எடுக்கிறது. அது முடிவதற்குள் இன்னொன்று அதையே பற்றிக்கொண்டு துரத்துகிறது. இரண்டும் நெருங்குமிடத்தில் சுரங்கள் உரசுகின்றன. காதுக்குச் சற்றுக் காரமாகவே இருக்கிறது. ஒட்டுப் போட்ட அலங்காரமல்ல இது. அந்த மெட்டின் குணமே இரண்டாவது குரலிலும் ஓடுகிறது.

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் காரம் எதற்கு என்கிறார்கள். சர்க்கரைப் பாகு போதுமாம். 1950-ல் கெச்கெமேத் நகரத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் தினமும் பாட்டு என்று வைத்தார்கள். கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், கணக்கும் நடந்தது. பார்டோக்கின் பாட்டுகளையும் பிள்ளைகள் இத்தனை ஆண்டுகளாகப் பாடித்தான் வருகிறார்கள். 'அவர்களுக்கு எட்டாது' என்கிற பெரியவர், அந்த உரசுகிற இடத்தில் தாமே சுருதி பிசகாமல் ஒரு தரம் நின்று காட்டட்டும்.