நாம் இருந்த இடம் தெரியும். எச்சரிக்கை எங்கே இருந்தது?

கோட்டாறு கடைத்தெருவில் பெரியவர்கள் நாலு பேர் கூடினால் போதும், பேச்சு எங்கே தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: "அன்றைக்கு நீர் எங்கே இருந்தீர்?"

எந்த அன்றைக்கு? அது பேசுகிறவரின் வயதைப் பொறுத்தது. முந்தைய தலைமுறை 1948 ஜனவரி 30 பற்றிப் பேசியது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மாலையில் வானொலி சொன்ன செய்தி கேட்டு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று சொல்லுவார்கள். பிப்ரவரியில் காந்தியாரின் அஸ்தி குமரிக் கடலில் கரைக்கப்பட்டபோது நடந்தே போய்ப் பார்த்ததாகச் சொல்லுவார்கள். அடுத்த தலைமுறைக்கு 1969 பிப்ரவரி 3. அண்ணாவை இழந்த அந்த நாளில் ரயில் பிடித்துச் சென்னைக்குப் போனவர்கள், இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அழுதவர்கள் என்று ஆளுக்கொரு கதை உண்டு. 1975 அக்டோபர் 2 இன்னொன்று. காமராசர் மறைந்தபோது அவர் நமது நாகர்கோயில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். தேர்தல் களத்தில் கழகம் அவரை எதிர்த்தது உண்மை. அன்று கழகத்தார் வீட்டிலும் கண்ணீர் வடிந்தது என்பதும் உண்மை.

இந்த நினைவுகளில் குற்றமில்லை. துயரத்தைப் பங்கிட்டுக் கொள்ள மனிதன் கண்டுபிடித்த வழி அது. "நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்பவன், "நானும் உன்னோடு அழுதவன்தான்" என்று சொல்லிக் கொள்கிறான்.

ஆனால் இந்த மாவட்டத்தில் இரண்டு நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களைப் பற்றி இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட நமக்கு உரிமை இல்லை. ஒன்று 2004 டிசம்பர் 26. மற்றொன்று 2017 நவம்பர் 30.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நான் கோட்டாறு சந்தைப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் இருந்தேன். சைக்கிளில் வந்த ஒருவன் இறங்காமலே கத்தினான்: "அண்ணாச்சி, கடலு ஊருக்குள்ள கேறிட்டு!" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன். பண்டிகை மயக்கம் இன்னும் தெளியவில்லை போலும் என்று எண்ணினோம். சற்று நேரத்தில் மணக்குடிப் பக்கமிருந்து நனைந்த துணியோடு மக்கள் வந்து இறங்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு எவரும் சிரிக்கவில்லை. 'சுனாமி' என்ற சொல்லையே அன்று மாலைதான் முதன்முதலாகக் கேட்டோம்.

நமது ஒழுகினசேரிப் பாலத்தடியில் ஓடுகிற பழையாறு, சுசீந்திரம் கடந்து மணக்குடியில் கடலோடு சேருகிறது. அந்தக் கழிமுகத்தில் கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலத்தை அலை பிய்த்து எறிந்தது. கடலுக்குப் போகாத ஞாயிறு ஆகையால் மீனவர் குடும்பத்தோடு கரையில் இருந்தனர். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் தனித்தனிக் குழி வெட்ட நேரமில்லாமல் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 800 உயிர். தமிழகம் முழுவதும் ஏறத்தாழ 8,000 உயிர்.

"இயற்கையின் சீற்றம், யார் தடுக்க முடியும்?" என்றார்கள். விதி என்றார்கள் சிலர். பகுத்தறிவைப் பேசுகிற நாம் அந்தச் சொல்லை அப்படியே விழுங்க முடியுமா? கணக்கைப் பாருங்கள்.

சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது நமது கடிகாரப்படி காலை 6 மணி 29 நிமிடத்துக்கு. தமிழகக் கரையை அலை தொட்டது ஏறக்குறைய 9 மணிக்கு. இடையில் இரண்டரை மணி நேரம். கால் மணி நேரத்துக்குள் ஹவாய்த் தீவில் இருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் நடுக்கத்தைக் கண்டு அறிக்கை விட்டது. அது பசிபிக் நாடுகளுக்காக விடப்பட்டது. 1946இல் ஹவாயில் அலை அடித்து மக்கள் மாண்டனர். 1949இல் அங்கே எச்சரிக்கை நிலையம் எழுந்தது. நமக்கு அனுபவமே இல்லையா என்றால், 1945இல் மக்ரான் கரையில் எழுந்த அலை பம்பாய் வரை வந்து உயிர் குடித்திருக்கிறது. ஆனாலும் இந்துமாக் கடலுக்கு எச்சரிக்கை நிலையம் இல்லை.

அதுவும் போகட்டும். கார் நிக்கோபாரில் இருந்த நமது விமானப்படைத் தளத்தை அலை விழுங்கியது காலை 8 மணிக்கு முன்பே. நமது நாட்டு மண்ணில், நமது படைவீரர் இருந்த இடத்தில் கடல் ஏறிவிட்டது என்ற செய்தி கிடைத்த பிறகும், நாகப்பட்டினத்துக்கோ குளச்சலுக்கோ "கரையை விட்டு ஓடுங்கள்" என்று சொல்ல ஒரு வாய் இல்லை. நிலநடுக்கச் செய்தியைத் தாங்கிய தொலைநகல், பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சரின் முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது என்று நாளேடுகள் அப்போதே எழுதின. மணக்குடிக்குப் போக வேண்டிய செய்தி, டில்லியிலேயே வீடு தவறி நின்றது!

அன்று டில்லியில் நடந்த கூட்டணி ஆட்சியில் நமது கழகத்துக்கும் பங்கு இருந்தது. மறைக்க வேண்டியதில்லை. நம்மவர் இருந்த ஆட்சி என்பதற்காக இந்தக் கேள்வியை விழுங்குவோமானால், மாற்றார் ஆட்சியைக் கேட்கும் தகுதியை இழந்துவிடுவோம். பிறகு 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. 2012 ஏப்ரல் 11இல் மீண்டும் சுமத்ரா நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் முன்கூட்டியே மேட்டுப் பகுதிக்குப் போனார்கள். பேரலை எழவில்லை, ஆனால் எச்சரிக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. விதி என்று சொன்னவர்கள் அன்று எங்கே போனார்கள்?

சரி, பாடம் படித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோமா? 2017 வந்தது.

நவம்பர் 30. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாக் காலம். டிசம்பர் 3 வரை ஊரே திரளுகிற நாட்கள். அன்று காற்று பேயாக அடித்தது. மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, ஊர் இருளில் மூழ்கியது. கோட்டாற்றுக்காரர் எவரைக் கேட்டாலும் அந்த நாளில் தாம் எங்கே இருந்தோம் என்று சொல்லுவார். வாழை போயிற்று, ரப்பர் போயிற்று என்று விளவங்கோட்டுக்காரர் கணக்குச் சொல்லுவார். கரையில் இருந்தவர்களின் நினைவு அது.

கடலில் இருந்தவர்களின் கதை வேறு. நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை நீளும் தூத்தூர் வட்டாரத்து மீனவர், அன்றாடம் போய் அன்றாடம் திரும்புகிறவர்கள் அல்லர். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிக்கும் தீரர்கள். புயல் கிளம்புமுன்பே பல நாள் பயணத் தொலைவில் இருந்தவர்கள். வானிலைத் துறை 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு' என்று சொல்லி வந்ததைப் 'புயல்' என்று பெயர் சொல்லி உயர்த்தியது 30ஆம் நாள் நண்பகலையொட்டி. அந்த நேரத்தில் புயல் குமரிக்குப் பக்கத்திலேயே நின்றது. கரையில் இருந்தவனுக்கே காலங்கடந்த எச்சரிக்கை; ஆழ்கடலில் இருந்தவனுக்கு அது போய்ச் சேரவே கருவி இல்லை. தப்பியவர் லட்சத்தீவிலும் மராட்டியத்திலும் கரையேறினர். தப்பாதவர் பலர். காணாமற் போனவர் எத்தனை பேர் என்பதிலேயே அரசின் எண் ஒன்று, ஊர்க் கோவிலில் பெயர் எழுதித் தயாரித்த பட்டியலின் எண் ஒன்று. டிசம்பர் 7இல் ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. பிரதமர் குமரிக்கு வந்தது டிசம்பர் 19ஆம் நாள்.

அந்தக் கரையோர வீட்டுப் பெண்ணிடம் போய், "அன்றைக்கு நீ எங்கே இருந்தாய், அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். வாசலில் இருந்தேன் என்பாள். "அவர் எங்கே இருந்தார்?" என்று கேளுங்கள். அதற்கு அவளிடம் விடை இல்லை. உடல் கிடைக்காதவனை இறந்தவன் என்று ஏற்க, வழக்கமான சட்டம் ஏழாண்டு காத்திருக்கச் சொல்லுகிறது. போராடித்தான் அந்தக் காத்திருப்பைக் குறைக்க வேண்டி வந்தது. நமக்கு நினைவுகூரும் நாளாக இருப்பது, அவளுக்கு இன்னும் முடியாத நாள்.

இங்கே ஓர் அரசியல் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஆட்சிக்குட்பட்ட கடல் எல்லைக்கு அப்பாலுள்ள மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. வானிலை நிறுவனங்களும் ஒன்றியப் பட்டியலில்தான். ஆக, சின்னத்துறை மீனவன் 12 கடல் மைலைத் தாண்டியதும் அவன் தொழில் டில்லியின் பொறுப்பாகிறது. அவன் தலைக்கு மேல் திரளும் மேகமும் டில்லியின் பொறுப்பு. அவனைத் தேட வேண்டிய கடலோரக் காவல் படையும் டில்லியின் பொறுப்பு. அவன் மனைவி வந்து அழுது நிற்பதோ மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில்! அதிகாரம் ஓரிடம், அழுகை ஓரிடம். மாநில சுயாட்சி என்று நாம் பேசும்போது, பதவிக்காகப் பேசுகிறோம் என்று எள்ளி நகையாடுவோர், தூத்தூர்க் கரையில் ஒரு நாள் வந்து நிற்கட்டும்.

நினைவு மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நினைவு நம்மை ஏமாற்றும். 1986 ஜனவரி 28இல் அமெரிக்க விண்கலம் சாலஞ்சர் வெடித்தது. மறுநாளே அல்ரிக் நைசர் என்ற உளநூலறிஞர், செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று மாணவரிடம் எழுதி வாங்கினார். இரண்டாண்டுகளுக்கு மேல் சென்ற பிறகு அதே மாணவரை மீண்டும் கேட்டார். பலருடைய விடை முதலில் எழுதியதற்கு மாறாக இருந்தது. ஆனால் ஐயமே இல்லாமல், உறுதியாகச் சொன்னார்கள்!

நானும் அப்படித்தான். அந்தச் சைக்கிள்காரன் வந்தது ஒன்பதரை மணிக்கு என்பது என் நினைவு. அன்று பக்கத்தில் இருந்த நண்பரோ பத்தரை என்று அடித்துச் சொல்லுகிறார். தேநீர்க் கடையில் இந்தத் தகராறு பரவாயில்லை. ஆனால் எச்சரிக்கை எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்கு வந்தது என்பதை நினைவிடம் விட்டுவிட முடியுமா? ஒக்கியின்போது அதுதானே நடந்தது! முன்பே சொல்லிவிட்டோம் என்றது வானிலைத் துறை. காலங்கடந்து சொன்னார்கள் என்றனர் மற்றவர்கள். இந்த வழக்கில் சாட்சி மனிதனின் ஞாபகம் அல்ல. எழுத்தில் நிற்கும் மணிக்கணக்கு.

எனவே மெழுகுவத்தி ஏற்றுவதோடு நில்லாமல், மூன்று கோரிக்கைகளை நாம் உரக்க எழுப்ப வேண்டும்.

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும், எச்சரிக்கை எந்த நேரத்தில் எழுதப்பட்டது, எப்போது சென்னைக்கு வந்தது, எப்போது ஆட்சியருக்கு வந்தது, எந்தக் கிராமத்துக்கு எப்போது போயிற்று, எந்தப் படகுக்குப் போகவில்லை என்ற மணிக்கணக்கு மக்கள் பார்வைக்கு வெளியிடப்பட வேண்டும்.

கடலில் இருக்கும் படகு, ஆட்கள் ஆகியோரின் பட்டியல் எப்போதும் கரையில் இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் பிரதமர் பால்கரில் தொடங்கி வைத்த திட்டத்தில், ஒரு லட்சம் படகுகளுக்குச் செய்தி அனுப்பவும் பெறவும் கருவி தருவோம் என்றார்கள். வரவேற்கிறோம். ஆனால் கருவியின் பொத்தானை ஆழ்கடலில் ஒருவன் அழுத்தினால், கரையில் எழுந்து ஓடப் போகிறவர் யார்? எத்தனை நாழிகையில்? அதைச் சொல்லாத வரையில் அது வெறும் பெட்டி.

மீட்புப் படை, விமானம், கப்பல் ஆகியவற்றைக் கேட்டுப் பெறும் அதிகாரம், பொறுப்பை எதிர்நோக்கி நிற்கும் மாநில அரசுக்கு வேண்டும். டில்லிக்குக் கடிதம் எழுதி, விடைக்குக் காத்திருக்கும் நேரத்தில் கடல் காத்திருக்காது.

டிசம்பர் வரும்போதெல்லாம் கோட்டாற்றில் மீண்டும் அந்தப் பேச்சு எழும். எழட்டும். நான் இருந்த தேநீர்க் கடையைப் பற்றி நானும் சொல்லுவேன். சிரித்த கதையையும் மறைக்கமாட்டேன். அந்த சிரிப்புக்குக் காரணம் எங்கள் கல்நெஞ்சு அல்ல. எங்களுக்கு எவரும் எதையும் சொல்லவில்லை என்பதுதான். சொல்ல வேண்டியவர்கள், சொல்லக் கூடியவர்கள், சொல்லச் சம்பளம் வாங்கியவர்கள் இருந்தார்கள்.

அவர்களைத்தான் கேட்கிறோம்: அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?