காகிதம் இல்லாத கண்டுபிடிப்பாளர்

அமெரிக்கக் கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்களைக் கொண்டாடும் ஆவணப்படம் ஒன்றைச் சென்ற வாரம் பார்த்தேன். நல்ல படம்தான். கிரஹாம் பெல்லின் தொலைபேசிக் காப்புரிமைக்கு வரைபடம் வரைந்த லூயிஸ் லாடிமர் வருகிறார், புகைக்கவசம் செய்த காரெட் மோர்கன் வருகிறார். ஒவ்வொரு பெயரோடும் காப்புரிமை எண்ணைப் பெரிதாகத் திரையில் காட்டுகிறார்கள். அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அரசு அலுவலகத்தில் எழுத்தராகவே காலம் தள்ளியவன் நான். கோப்பில் ஏறாதது நடக்கவே இல்லை என்பது எங்கள் வேதம். ஆனால் கோப்பின் பக்கமே அண்டவிடாமல் வைக்கப்பட்டவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அடிமை கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை தர முடியாது என்று 1858-இல் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞரே எழுதி வைத்திருக்கிறார். எண்ணைத் தேடிப் போனால் இவர்கள் அகப்படவே மாட்டார்கள்.

எனக்கு எத்மோன் அல்பியுஸ் நினைவு வந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ரெயூனியோன் தீவின் அடிமைச் சிறுவன். (புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம்மவர்களைக் கூலிகளாகக் கப்பலேற்றினார்களே, அதே தீவு.) மெக்சிகோ நாட்டு வனிலாக் கொடி அங்கே பூத்தது, காய்க்கவில்லை. 1841-இல், 12 வயதில், எத்மோன் ஒரு சின்னக் குச்சியால் பூவுக்குள் மறிக்கும் சவ்வைத் தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் சூல்முடியில் அழுத்தினார். காய் பிடித்தது. பெல்ஜியத்தில் மொரேன் என்ற பேராசிரியர் சில ஆண்டுகள் முன்பே செயற்கையாகக் காய்க்க வைத்தது உண்மை. ஆனால் தோட்டத்துக்கு உதவிய கைமுறை இந்தப் பையனுடையது. உலகில் இன்றும் வனிலாவை அப்படித்தான் காய்க்க வைக்கிறார்கள். நான் பிரெஞ்சில் படித்த பூகோளப் பாடத்தில் ரெயூனியோனின் வனிலா இருந்தது, எத்மோன் இல்லை.

ரிஷார் என்ற தாவரவியலாளர், அந்த முறையைச் சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்று உரிமை கொண்டாடினார். அதை மறுத்து எழுதியவர் எத்மோனின் பழைய எஜமானர் பெல்லியே போமோன். ஒரு வெள்ளைக்காரரின் கடிதம் இருந்ததால் பெயர் பிழைத்தது. எழுதிக்கொடுக்க ஆளில்லாமல் போனவர்கள் எத்தனை பேரோ!

மோர்கன் தன் கவசத்தை விற்க ஒரு வெள்ளைக்காரரை முன்னால் நிறுத்த வேண்டியிருந்தது. இதை அந்தப் படம் ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. நானாக இருந்தால் எண்களைக் குறைத்து, இதற்குப் பத்து நிமிடம் கொடுத்திருப்பேன். யார் சாதித்தார் என்பதோடு யார் கதவைச் சாத்தினார் என்பதும் தெரியவேண்டாமா?

எத்மோனுக்கு 1848-இல் விடுதலை கிடைத்தது. வெகுமதி எதுவும் கிடைக்கவில்லை. தீவின் வனிலா ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த 1880-இல் வறுமையில் இறந்துபோனார்.