பதிவாகிறது என்பதால் பிடிபட்டுவிடுமா?

ஆன்லைன் போக்கரில் இரண்டு மூன்று பேர் கூட்டு சேர்ந்து மற்றவர் காசைக் கறப்பது பற்றிப் பேச்செடுத்தால், ஆடுகிறவர்களும் தளம் நடத்துகிறவர்களும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். கண் ஜாடை, கை ஜாடையெல்லாம் நேரில் ஆடும் மேசையின் நோய். இங்கே ஒவ்வொரு ஆட்டமும் சர்வரில் பதிவாகிறது. கூட்டு சேர்ந்தால் மென்பொருள் கண்டுபிடித்துவிடும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்த கதைகளோடு ஒப்பிட்டால்தான் இடிக்கிறது.

பதிவாவது உண்மை. ஆனால் எது பதிவாகிறது? யார் எவ்வளவு கட்டினார், யார் ஏற்றினார், யார் சீட்டைக் கீழே வைத்தார், யார் கையில் என்ன சீட்டு என்பது மட்டும். கூட்டு அந்த மேசையில் நடப்பதே இல்லை. இரண்டு வீடுகளில் இரண்டு பேர் போனைக் காதில் வைத்துக்கொண்டு 'எனக்கு ஏஸ், நீ வை' என்று பேசிக்கொள்வது எந்தச் சர்வருக்கும் போய்ச் சேராது. சீட்டு சரியில்லாமல் கீழே வைத்ததும் கூட்டாளிக்காகக் கீழே வைத்ததும் ஆட்டக்காரருக்குக் காட்டும் பதிவில் ஒரே வரிதான்.

சரி, பதிவு இருந்தால் என்றைக்காவது மாட்டித்தானே ஆகவேண்டும் என்பார்கள். அல்டிமேட்பெட் தளத்தில் நடந்ததைப் பார்க்கலாம். எதிராளிகளின் சீட்டைப் பார்க்க முடிந்த கணக்குகள் அங்கே ஆண்டுக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தன. 1994 உலக போக்கர் சாம்பியன் ரஸ் ஹாமில்டன்தான் அதற்கு முக்கியப் பொறுப்பு என்று கனடாவின் கானவாகே சூதாட்ட ஆணையம் 2008-இல் அறிவித்தது. ஏமாந்தவர்களுக்குத் திருப்பித் தரப்பட்ட தொகை 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல். அத்தனை ஆண்டுகளும் எல்லா ஆட்டமும் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது. நகைக்கடைக்குள் கேமரா ஓடுகிறது, ஆனால் காட்சியைப் பார்க்க ஆளில்லை என்றால் கேமராவுக்கு என்ன வேலை?

அதற்கு முந்தைய ஆண்டு அப்சல்யூட் போக்கரில் நடந்தது இன்னும் சுவாரசியம். 2007 செப்டம்பரில் 1,000 டாலர் கட்டி ஆடும் ஒரு போட்டியில் 'பாட்ரிப்பர்' என்ற கணக்கு வென்றது. கடைசி ஆட்டத்தில் எதிராளி வெறும் ஒன்பதை வைத்துக்கொண்டு பெரிய பந்தயம் கட்ட, இந்தக் கணக்கு பத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு ஈடுகட்டியது. மனம் சரியாக இருக்கும் எவரும் அதைச் செய்யமாட்டார்கள். இரண்டாம் இடம் வந்தவர் ஆட்டப் பதிவைக் கேட்டார். நிறுவனம் அனுப்பிய எக்செல் கோப்பில், வழக்கமாக ஆட்டக்காரருக்குக் காட்டாத விவரமும் இருந்தது: எல்லோருடைய சீட்டுகளும், வேடிக்கை பார்த்த கணக்குகளும். எல்லோர் சீட்டையும் பார்க்க முடிந்த ஒரு பார்வையாளர் கணக்கு அந்த மேசையையே ஒட்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது. இதைக் கண்டுபிடித்தவர்கள் ஆட்டக்காரர்கள், நிறுவனமல்ல. நிறுவனம் முதலில் மறுத்தது, அக்டோபரில்தான் ஒப்புக்கொண்டது. 5 லட்சம் டாலர் அபராதமும் கட்டியது.

இவை உள்ளாள் உதவியோடு நடந்த மோசடிகள், ஆட்டக்காரர்களின் கூட்டோடு சேர்க்கக்கூடாது என்று ஒருவர் சொல்லலாம். சேர்க்கவேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எல்லாச் சீட்டும் தெரிந்த ஆளைப் பிடிப்பது, இரண்டு சீட்டு கூடுதலாகத் தெரிந்த ஆளைப் பிடிப்பதைவிடப் பல மடங்கு சுலபம். அதையே ஆண்டுக்கணக்கில் பிடிக்கவில்லை. பாட்ரிப்பர் மாட்டியதற்குக் காரணம் பேராசை. மாதம் இரண்டு பெரிய ஆட்டத்தில் மட்டும் கூட்டு வைத்து, மற்ற நேரம் ஒழுங்காக ஆடுகிறவர்களின் வெற்றி விகிதம் ஒரு நல்ல ஆட்டக்காரருடையதுபோலத்தான் இருக்கும்.

அடுத்த வாதம்: கூட்டாளியின் இரண்டு சீட்டு தெரிந்தால் அப்படி என்ன லாபம்? இதில் கொஞ்சம் உண்மை உண்டு. பெரும்பாலான ஆட்டங்களில் அது பெரிதாக உதவாது. ஆனால் உதவும் இடத்தில் பலமாக உதவும். என் கையில் இரண்டு ராஜா. நான் பயப்படவேண்டியது எதிராளியிடம் இரண்டு ஏஸ் இருக்குமோ என்றுதான். நான்கு ஏஸிலிருந்து ஜோடி அமைய 6 வழி. கூட்டாளி 'என்னிடம் ஒரு ஏஸ்' என்றால் அது 3 வழி. என் முழுச் சொத்தையும் உள்ளே தள்ளலாமா என்ற முடிவில் பயம் பாதியாகிவிடுகிறது.

இதுகூடப் பெரிய லாபமல்ல. பெரியது பந்தயத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு அப்பாவி, இருபுறமும் கூட்டாளிகள். ஒருவர் ஏற்றுவார், அப்பாவி ஈடுகட்டுவார், மற்றவர் மேலும் ஏற்றுவார், முதலாமவர் திரும்ப ஏற்றுவார். சுமாரான நல்ல சீட்டை வைத்திருப்பவர் இந்த நெருக்கடியில் கட்டியதை விட்டுவிட்டு எழுந்துபோவார். அவர் போனதும் கூட்டாளிகளில் ஒருவர் சாவகாசமாகச் சீட்டை வைத்துவிடுவார். இதற்கு இரண்டு பேரிடமும் நல்ல சீட்டே இருக்கவேண்டியதில்லை.

போட்டிகளில் இது இன்னும் கூர்மையாகும். 'டபுள் ஆர் நத்திங்' என்று ஒரு வகை: பத்துப் பேர் ஆடுவார்கள், கடைசிவரை நிற்கும் ஐந்து பேருக்குப் போட்ட பணம் இரட்டிப்பு, மற்ற ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை. முதலில் வந்தாலும் ஐந்தாவதாக வந்தாலும் பரிசு ஒன்றே. அதனால் என்னிடம் மலைபோல் குவிந்த சிப்புகளால் எனக்குப் பயனில்லை. சாகக்கிடக்கும் கூட்டாளிக்குக் கொடுத்தால் எனக்கு நஷ்டமும் இல்லை. கூட்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஆட்டம் இது. போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் சீனாவிலிருந்து ஆடிய ஒரு கும்பல் இதைத்தான் செய்தது. 2010-இல் அது வெளியே வந்தபோது பாதிக்கப்பட்டவர்களுக்குத் தளம் 20 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தந்தது. சந்தேகத்தைக் கிளப்பியதில் எதிரே உட்கார்ந்து தோற்றவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடையாளச் சான்று வாங்குகிறோம், ஐ.பி. முகவரியைச் சோதிக்கிறோம் என்பது மூன்றாவது சமாதானம். ஒரே வீட்டில் ஒரே வைஃபையில் நேர்மையாக ஆடும் அண்ணன் தம்பி இதில் மாட்டுவார்கள். வெவ்வேறு ஊரிலிருந்து போனில் பேசும் களவாணிகள் மாட்டமாட்டார்கள். ஆனாலும் தளங்கள் யாரையும் பிடித்ததில்லை என்று சொல்வது அநியாயம். 2007-இல் போக்கர்ஸ்டார்ஸ் நடத்திய பெரிய போட்டியின் முதற்பரிசு, 10 லட்சம் டாலருக்கும் மேல், வென்ற கணக்கிடமிருந்து பறிக்கப்பட்டது. கணக்கு ஒருவர் பெயரில், ஆடியவர் வேறொருவர் என்று தளமே முடிவுக்கு வந்தது. அவ்வளவு பெரிய பரிசு என்றால் துருவிப் பார்க்கிறார்கள். நள்ளிரவில் சின்ன மேசையில் போகும் காசுக்கு யார் துருவப்போகிறார்கள்?

ஏமாற்று நடந்தால் ஆட்கள் ஓடிவிடுவார்கள், ஆகவே தடுப்பது தளத்தின் சுயநலம் என்பார்கள். தளத்தின் வருமானம் ஒவ்வொரு பந்தயத் தொகையிலிருந்தும் எடுக்கும் கமிஷன். நாள் முழுக்க நாலு மேசையில் உட்காரும் கூட்டாளிகள் அந்தக் கமிஷனை அள்ளித் தரும் வாடிக்கையாளர்கள். அவர்களை வெளியேற்றினால் வருமானம் போகும்; வெளியேற்றியதைச் சொன்னால் மற்றவர்களுக்குப் பயம் வரும். சுயநலம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. அப்சல்யூட் போக்கர் முதலில் மறுத்ததற்கு வேறு என்ன விளக்கம்?

ஒரு ஏற்பாடு மட்டும் எனக்கு நியாயமாகப் படுகிறது. சீட்டை வைத்த மறுநொடியே வேறு மேசைக்கு மாற்றிவிடும் வேக ஆட்டம். 2010-இல் ஃபுல் டில்ட் தளம் இதை 'ரஷ்' என்ற பெயரில் தொடங்கியது. நூற்றுக்கணக்கானவர் ஆடும்போது இரண்டு கூட்டாளிகள் ஒரே மேசையில் விழுவது அபூர்வம். கூட்டம் குறைந்த நேரத்தில் இந்தப் பாதுகாப்பும் மெலியும் என்பது வேறு விஷயம்.

தோற்றவன் எல்லோரும் 'கூட்டு, கூட்டு' என்று அலறுகிறான் என்பதையும் மறுக்கமாட்டேன். பெரும்பாலும் அது துரதிர்ஷ்டமோ மட்டமான ஆட்டமோதான். அதைப் பிரித்துக் காட்டத்தான் ஆதாரம் வேண்டும் என்கிறேன்.

நம் ஊரில் இந்தக் கேள்வி எழும்பவே இல்லை. போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்றுதான் வழக்காடினோம். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது; 2025-இல் ஒன்றிய அரசின் சட்டம் காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. திறமை ஆட்டம் என்றே வைத்துக்கொண்டாலும் எதிரே இருப்பவர்கள் தனித்தனி ஆட்களா என்பதை அந்தத் தீர்ப்பு சொல்லாது. தடையை மீறி வெளிநாட்டுத் தளத்தில் ஆடுகிறவருக்கோ புகார் கொடுக்கக்கூட இடமில்லை.

கூட்டைக் கண்டுபிடிக்க இரண்டு விவரம் சேர்ந்து வேண்டும்: யார் ஆடினார், கீழே வைத்தபோது அவர் கையில் என்ன இருந்தது. வழக்கமான தளங்களில் பெயர் தெரியும், கீழே வைத்த சீட்டு தெரியாது. போவாடா போன்ற பெயர் காட்டாத தளத்தில் ஒரு நாள் கழித்து எல்லாச் சீட்டையும் பார்க்கலாம், ஆனால் யார் என்று தெரியாது. இரண்டும் ஒன்றாக இருப்பது நிறுவனத்தின் கையில் மட்டும். சில மாதம் கழித்தாவது இரண்டையும் சேர்த்து ஆட்டக்காரர்களுக்குத் திறந்துவிடட்டும். எங்கள் ஆட்ட உத்தி வெளியே போய்விடும் என்று பெரிய ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பார்கள். போகட்டும். அந்த உத்தி சிலருக்கு மட்டும் போனில் முன்கூட்டியே தெரிவதைவிட, எல்லோருக்கும் தாமதமாகத் தெரிவது மோசமில்லை.