பல மரம் கண்ட தச்சன்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்" என்று ஒரு பழமொழி நம் நாட்டில் வழங்கி வருகின்றது. ஒரு பையன் இன்று ரேடியோவைப் பிரித்துப் பார்த்து, நாளை சித்திரம் எழுதி, மறுநாள் மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டுகிறான் என்றால், தாய் தகப்பன்மார்கள் இதைச் சொல்லித்தான் அவன் தலையில் குட்டுகிறார்கள். பல மரங்களைக் காணாத தச்சனுக்கு எது கலப்பைக்கு ஆகும், எது கதவுக்கு ஆகும் என்பது எப்படித் தெரியும்? குற்றம் பல மரத்தைக் கண்டதிலா, ஒன்றையும் வெட்டாததிலா?

ஒருவனுக்கு ஒரே தொழில் என்கின்ற எண்ணம் நமக்கு ஆராய்ச்சியினால் வந்ததல்ல. குயவன் மகன் சக்கரம் சுற்ற வேண்டும், நாவிதன் மகன் கத்தி தீட்ட வேண்டும் என்கின்ற வருணக் கட்டளையின் மிச்சமேயாகும். 1953ல் ஆச்சாரியார் மந்திரிசபை, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படித்து, மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் போட்டதும், கிளர்ச்சி மூண்டு 1954ல் அது ஒழிந்ததும் யாவரும் அறிந்ததே. திட்டம் ஒழிந்ததே தவிர, வீட்டுக்குள் அந்த மனப்பான்மை ஒழிந்ததா? இன்று குலத்தொழிலுக்குப் பதிலாக, "இன்ஜினீயர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை" என்கிறார்கள். கட்டிப் போடுவது மட்டும் மாறவில்லை.

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களைப் பாருங்கள். பெரிய படிப்பு படித்தவரல்ல. ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே யந்திர ஞானம் பெற்றார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டினார். பிறகு மின்சார மோட்டார், சவர யந்திரம், பருத்தி, பப்பாளி, தொழிற்பள்ளி என்று அவர் கை வைக்காத துறை எது? "இவருக்கு ஒன்றிலும் நிலையில்லை" என்று அன்று யாராவது பஸ்ஸோடு நிறுத்தியிருந்தால் யாருக்கு நஷ்டம்?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்குச் சோறு போட்டது பஸ். மற்ற ஆசைகளுக்கு முதல் தந்ததும், யந்திரத்தைப் பழக்கியதும் அதுவே. ஆகவே பல ஆசையுள்ள வாலிபர்கள் முதலில் வயிற்றுக்கு ஒரு தொழிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதும், அத்தொழில் தங்களுடைய வேறு ஒரு ஆசைக்காவது உதவக் கூடியதாயிருந்தால் நல்லது என்பதும் நமது அபிப்பிராயம். பத்தைத் தொட்டு ஒன்றையும் முடிக்காமல், அதற்குப் "பல்கலை" என்று பெயர் வைத்துத் திரிபவர்களுக்காக நாம் வாதாட வரவில்லை.

நிற்க. வீட்டில் ஒரு ஸ்திரீ சமையல், வயல் வேலை, மாடு, வரவு செலவுக் கணக்கு, நோயாளி பணிவிடை இத்தனையும் ஒரே நாளில் செய்கின்றாள். அவளை மட்டும் பல மரம் கண்ட தச்சன் என்று யாரும் ஏசுவதில்லை! ஏனெனில் அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. அதே பெண் தையலும் போட்டோப் பிடிப்பும் கற்று நாலு காசு சம்பாதிக்கிறேன் என்று கிளம்பினால் மாத்திரம் பழமொழி வந்துவிடுகிறது.

பகலெல்லாம் பட்டறையிலும் ஜவுளிக் கடையிலும் நின்றுவிட்டு வரும் பிள்ளைக்கு இராத்திரி ஒரு மணி நேரந்தான் சொந்தம். அந்நேரத்தில் அவன் எதைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், "கரண்டு வீண்" என்று விளக்கை அணைக்காதிருக்கும்படி பெற்றோர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.