வேப்பமர நிழலுக்குப் போகும் பிள்ளை



அடியாத மாடு படியாது என்று சொல்வோர் நம் கரிசல் சீமையில் இன்றும் உளர். மாட்டைக் குறித்து நாம் வாதிட வரவில்லை. பிள்ளையை அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது. புனித தொன் போஸ்கோவோ அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றின்மேல் எழுந்த தமது தடுப்பு முறையை 1877-இலேயே எழுதிவைத்தார். ஆனால் பிரம்பு போன இடத்தில் இன்று வேறொன்று வந்து அமர்ந்திருக்கிறது. அடங்காத பிள்ளையை வகுப்புக்கு வெளியே அனுப்பிவிடுகிறோம்.

கடம்பூர்ப் பக்கத்துச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு குறைவு. எழுதச் சொன்னதும் நோட்டை வீசிக் கூச்சலிடுகிறான். உடனே வேப்பமரத்தடிக்கு அனுப்பப்படுகிறான். நாள்தோறும் இதே கதை. "சுவாமி, இவனைப் பள்ளியைவிட்டு நிறுத்திவிடட்டுமா?" என்று தாய் கண்ணீரோடு கேட்கிறாள்.

நடத்தைப் பகுப்பாய்வு என்னும் முறையைக் கற்றவர் இவ்விடத்தில் வேறு கேள்வி கேட்பார். கூச்சலுக்கு முன்பு நடந்தது என்ன? பின்பு அவனுக்குக் கிடைத்தது என்ன? முன்பு எழுத்து வேலை, பின்பு மரநிழல். தண்டனை என்று நாம் எண்ணியது அவனுக்குப் பரிசாகிவிட்டது! எழுத்தினின்று தப்பும் வழியை அவன் செவ்வனே கற்றுக்கொண்டான். ஆகவே பத்து வரிக்குப் பதில் இரண்டு வரி கொடுக்க வேண்டும். இளைப்பாற விரும்பினால் கையை உயர்த்திக் கேட்கக் கற்பிக்க வேண்டும். கேட்டவுடன் விடவும் வேண்டும். எழுதி முடித்த அக்கணமே பாராட்ட வேண்டும். வரிகளைப் பின்னர் மெல்லக் கூட்டலாம்.

இத்துறைக்கென அமெரிக்காவில் 1968-இல் தனி ஆய்விதழ் தோன்றியது. இதற்கு ஒரு கறையும் உண்டு. 1960-களில் லோவாஸ் என்னும் உளவியலார் இத்தகைய பிள்ளைகளிடம் அறையையும் மின்னதிர்ச்சியையும் கூடக் கையாண்டார். அதனை எவ்வகையிலும் ஏற்பதற்கில்லை. பிள்ளை கைகளை உதறுவதும் ஆடி அசைவதும் யாருக்கும் தீங்கில்லையேல் அவற்றைத் திருத்தப் புறப்படவும் வேண்டாம். ஊரார் கண்ணுக்காகப் பிள்ளையை வதைப்பது நியாயமன்று.

வீட்டுக்கு வருவோம். திடீரெனத் தொடங்கிய அழுகையானால் காதுவலியா, பல்வலியா என்று முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கமான பிடிவாதமானால், "அழாதே, போளி தருகிறேன்" என்பது அழுகைக்குக் கொடுக்கும் கூலி. இரண்டு வரி எழுதியபின் அதே கடம்பூர்ப் போளியில் ஒரு துண்டு கொடுத்தால் அது உழைப்புக்குக் கூலி. பண்டம் ஒன்றே, வேளைதான் வேறு. அழுகைக்குக் கூலியை நிறுத்திய முதற் சில நாள்களில் அழுகை முன்னிலும் உரக்கக் கேட்கும். இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். தாய் பொறுத்திருக்க, ஐந்தாம் நாள் பாட்டி மனமிரங்கிப் போளியை நீட்டிவிட்டால், நெடுநேரம் அழுதால் கிடைக்கும் என்பதே பிள்ளை கற்கும் பாடம்.

ஒன்றியத்து வட்டார வள மையத்தில் இதற்கெனச் சிறப்பாசிரியர்கள் உண்டு. முன்பு நடந்ததையும் பின்பு நடந்ததையும் ஒரு வாரம் நோட்டில் குறித்துக்கொண்டு அவர்களைப் பாருங்கள். பாட்டியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.