மஞ்சளும் மூளையும்

மஞ்சளிலுள்ள குர்குமின் மூளையின் அழற்சியைத் தணிக்குமெனக் கேட்டு, உடையார்பாளையம் அங்கத்தினர் சிலர் விலையுயர்ந்த மாத்திரைகளை நாடுகின்றனர். ஆய்வுக்கூடத்தில் அவ்விதம் தணிவது உண்மையே. நோயாளரிடம் அது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. குடல் குர்குமினை எளிதில் ஏற்பதுமில்லை. மிளகிலுள்ள பைப்பரினும் சேர்ந்தால் இரத்தத்தில் அதன் அளவு பன்மடங்காகுமென 1998இல் பெங்களூர் ஆராய்ச்சியாளர் கண்டனர். (இரசம் வைக்கும் நம் தாய்மார் இதற்கு நகைப்பர்!)

ஆனால், நிறம் கூட்டுவதற்காகச் சில வியாபாரிகள் மஞ்சளில் ஏற்றும் காரீய குரோமேட் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பதில் ஐயமேயில்லை. கிழங்கின்மீதே பூசப்படுவதால், முழு மஞ்சளை வாங்கி அரைத்தாலும் தப்ப இயலாது. வங்காள தேசத்தில் 2019இல் இக்கலப்படம் வெளிப்பட்டு, அரசின் கண்டிப்பால் 2021க்குள் சந்தையினின்றும் ஒழிந்தது.

ஆதலின், நம் பண்டகசாலை மெருகேற்றாத விரலி மஞ்சளை விளைவிப்போரிடமே நேரில் கொள்முதல் செய்து, பரிசோதித்து, நெசவாளர்க்கு விற்றல் வேண்டுமென்று கோருகின்றோம். நிறம் சற்று மங்கலாயிருப்பதை அங்கத்தினர் குறையாகக் கொள்ளலாகாது.